ப்ரொநவுன் பாடம்: அட்டவணை கடைசியில் வரட்டும்

ஆங்கில ப்ரொநவுன் (பெயருக்குப் பதிலாக வரும் ஐ, ஹீ, ஷீ போன்ற சொல்) அட்டவணையை உயர்நிலை வகுப்பு மாணவர்கள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள், எழுதும்போதுதான் திணறுவார்கள். அதனால் அட்டவணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ப்ரொநவுனே இல்லாத ஒரு பத்தியைக் கொடுங்கள்: 'மீனா லாஸ்ட் மீனாஸ் பேக். மீனா ஆஸ்க்ட் மீனாஸ் பிரதர்...' சத்தமாக வாசித்தாலே சிரிப்பு வந்துவிடும். ஷீ, ஹெர் போட்டு அவர்களே திருத்தட்டும்.

அடுத்து, 'ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஹேட் வன்' என்று பலகையில் எழுதுங்கள். ஜெயித்தது யார்? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். எந்த அணியாலும் நிரூபிக்க முடியாது, நமக்கு வேண்டியதும் அதுதான். 'ஹீ' யாரென்று தெளிவாகும்படி அந்த வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பீரியட் முழுவதையும் இதற்கே கொடுக்கலாம்.

'ஐ'யா, 'மீ'யா என்று குழம்பினால் கூட இருப்பவரை நீக்கிப் பார்க்கட்டும். 'ஷீ கால்ட் ரவி அண்ட் ஐ' என்பதில் ரவியை எடுத்தால் மிஞ்சுவது 'ஷீ கால்ட் ஐ'. தவறு காதிலேயே உறுத்தும்.

'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரிக்க முடிந்தால் மட்டுமே, எழுதும்போது 'எஸ்'ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி (மேலே போடும் காற்புள்ளி போன்ற குறி).