சப்ளையரின் வேலையை எடைபோட ஒரு வழி
ஓட்டலில் எந்தச் சப்ளையர் நன்றாக வேலை செய்கிறார் என்று அறிய பில் தொகையைப் பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் நின்று, அவருடைய மேசைகளில் எத்தனை பேர் கைதூக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணுங்கள். குடும்பமாக வருகிறவர்கள் உட்காரும் ஏசி அறையில் பில் தானாகவே ஏறும். அதில் அவர் திறமை தெரியாது. நல்ல சப்ளையர் சாம்பார் சோறு முடியும்போதே ரசத்தோடு வந்து நிற்பார், காலி டம்ளரைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவார். அவரைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.

எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மேசைகள் இருந்தால்தான் இந்த ஒப்பீடு நியாயம். அப்புறம், தோசை வரத் தாமதமாகி ஒருவர் கூப்பிட்டால் அது அடுப்படியின் கணக்கு, தயவுசெய்து சப்ளையர் தலையில் கட்டாதீர்கள். டோக்கன் வாங்கி நின்று சாப்பிடும் கடைகளுக்கு இது பொருந்தாது.