'தேவனுக்கு ஒன்றும் தேவையில்லை': வாலிபர் கூட்டத்துக்கு ஒரு மணி நேர வேதபாடம்

தேவன் எதையும் சார்ந்திராதவர் என்ற இந்தப் பாடத்தைச் சொல் விளக்கத்தில் தொடங்காதீர்கள். 'தன்னிறைவு' என்று பலகையில் எழுதினால் உணவு உற்பத்தியில் தன்னிறைவு அடைந்த நாடுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். அதாவது, முன்பு குறை இருந்து பிறகு தீர்ந்தது. 'சுயம்பு'வும் உதவாது. தானாகத் தோன்றியவர் என்றால், தோன்றுமுன் என்ன என்ற கேள்வி எழும். யோவான் 5:26 சொல்கிற 'தம்மில்தாமே ஜீவனுடையவர்' என்பதைப் பலகையில் எழுதிவிடுங்கள், போதும்.

முதல் 10 நிமிடம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, 'தேவன் மனிதனை ஏன் படைத்தார்?' என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுதச் சொல்லுங்கள். 'தனியாக இருந்ததால்', 'தம்மைத் துதிக்க ஆள் வேண்டியிருந்ததால்' என்கிற பதில்கள் அநேகமாக வரும். அப்போதே திருத்த வேண்டாம். சீட்டுகளை வாங்கி வையுங்கள்.

அடுத்த 20 நிமிடம் சங்கீதம் 50:7-15. ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். 'நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்' என்ற 12ஆம் வசனத்தில் சற்று நிறுத்துங்கள். அதன் கூர்மை தெரிய பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்லலாம்: பாபிலோனியரின் கில்காமேஷ் காவியம், 11ஆம் களிமண் பலகை. வெள்ளம் வடிந்ததும் பலி செலுத்தப்படுகிறது. வாசனை பிடித்த தெய்வங்கள் ஈக்களைப் போல அதை மொய்க்கின்றன. அப்படிப்பட்ட உலகத்தில்தான் ஆசாபின் சங்கீதம் இப்படிப் பேசுகிறது.

பலர் 13ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுவார்கள். 'அப்படியானால் காணிக்கை எதற்கு?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். பலிகளினிமித்தம் கடிந்துகொள்ளேன் என்று 8ஆம் வசனமே சொல்லிவிட்டது. 14, 15இல் ஸ்தோத்திரபலியும், ஆபத்துக்காலத்தில் கூப்பிடு என்ற அழைப்பும் இருக்கின்றன. தேவை நம் பக்கம்.

பிறகு 15 நிமிடம் அப்போஸ்தலர் 17:24-28. 25ஆம் வசனத்தின் வினைகளுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள்: அவர் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவர், தேவை இருப்பதுபோல் பணிவிடை கொள்ளுகிறவர் அல்ல. பாடம் சறுக்குகிற இடமும் இதுதான். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பவுலோடு வாதாடியவர்களில் எப்பிக்கூரர் என்ற கிரேக்கத் தத்துவக் கூட்டத்தாரும் உண்டு (17:18). தெய்வங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர்களும் சொன்னார்கள். ஆகவே மனிதரைப் பற்றி அவற்றுக்கு அக்கறையும் இல்லை என்றார்கள். நீங்கள் 25ஆம் வசனத்தோடு நிறுத்தினால் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவது எப்பிக்கூரரின் தெய்வத்தைத்தான். 27ஐக் கட்டாயம் வாசியுங்கள்: அவர் ஒருவருக்கும் தூரமானவரல்ல.

கடைசி 15 நிமிடம். யோவான் 17:24ஐத் திறவுங்கள்: உலகத்தோற்றத்துக்கு முன்பே பிதா குமாரனில் அன்பாயிருந்தார். தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, பதிலை அவர்களே திருத்தி எழுதட்டும்.

இதற்குள் யாராவது மாற்கு 11:3ஐ எடுப்பார்கள்: கழுதைக்குட்டி ஆண்டவருக்கு வேண்டும் என்று இருக்கிறதே? மழுப்ப வேண்டாம். குமாரன் மாம்சத்தில் வந்து பசியையும் தாகத்தையும் ஏற்றார். ஐசுவரியமுள்ளவர் நமக்காகத் தரித்திரரானார் (2 கொரிந்தியர் 8:9). தேவனின் எபிரெயப் பெயர்களில் ஒன்றை வைத்து, 'எல்ஷடாய் என்றால் போதுமானவர்' என்று சொல்லும் விளக்கத்தில் மட்டும் சாய வேண்டாம். பழைய யூத விளக்கம்தான் அது. அந்தச் சொல்லின் வேர் எது என்பது இன்றும் தீராத விவாதம். நம் வேதாகமம் அதைச் 'சர்வவல்லமையுள்ள தேவன்' என்றே பெயர்த்திருக்கிறது.

காணிக்கையைப் பாடம் முடிந்த பிறகு எடுங்கள். அறிவிப்பில் 'கர்த்தருக்குத் தேவை இருக்கிறது' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேர உழைப்பும் வீண். கூரைக்கோ, ஒலிபெருக்கிக்கோ, எதற்குப் பணம் வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஜெபத்துக்கு 1 நாளாகமம் 29:14இல் தாவீது சொன்னது இருக்கிறது: 'உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்.'