தொடையிடுக்கில் கடி வந்தால்: பயத்திலும் வெட்கத்திலும் செய்கிற தவறுகள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெயிலில் வேலை செய்பவருக்குத் தொடையிடுக்கு வியர்த்து ஊறிப்போவது புதிதல்ல. ஈரச் சாரத்தோடு கரையில் நின்று வலை இழுப்பவருக்கும், இறுக்கமான ஜீன்ஸோடு நாள் முழுக்க ஓட்டோ ஓட்டுபவருக்கும் அந்த இடத்தில் கடி வரும். மனதில் ஒன்றும் இல்லாதவர் சொறிந்துவிட்டுப் போய்விடுவார். எப்போதோ நடந்த ஒரு உறவு உறுத்திக்கொண்டிருப்பவருக்கோ அதே கடி பெரும் பயமாகிவிடுகிறது. இரவு முழுக்க போனில் படங்களைப் பார்த்து, விடியுமுன் தனக்கு எயிட்ஸ் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்.

கடியை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதுதான் முதல் தவறு. தொடையிடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து தடித்து, நடு கொஞ்சம் தெளிந்திருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. பூஞ்சணத்தால் வருவது, வியர்வையும் ஈரத்துணியும் அதற்குப் போதும். காலில் சேற்றுப்புண் இருந்தால் துவாயிலிருந்தும் உள்ளாடையிலிருந்தும் மேலே தொற்றும். புதுச் சவர்க்காரம், உடுப்புத் தூள், சவரம் செய்த காயம், ஆணுறையின் ரப்பர் ஒவ்வாமை என்று வேறு காரணங்களும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு ஆணுறுப்பின் முன்தோலில் சிவந்து வெள்ளை படிந்து கடித்தால், சீனி கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தயிர்போல் வெள்ளைபட்டுக் கடிப்பதும் பெரும்பாலும் இன்னொரு வகைப் பூஞ்சணம்தான். அதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பெரிய அநியாயம்.

குடும்பங்களை உடைக்கிற இன்னொன்று ஸ்கேபீஸ் எனப்படும் சொறி. கட்டார், சவூதி என்று போனவர் லீவில் வருகிறார். சில வாரங்களில் மனைவிக்குக் கடி, பிள்ளைகளுக்கும் கடி. அவருடைய ஆணுறுப்பில் கடிக்கிற சிறு முடிச்சுகள். உடனே சந்தேகம், சண்டை. தோலுக்குள் குடைந்து வாழும் மிகச் சிறிய பூச்சியால் வருவது இது. உடலுறவில் தொற்றும், உண்மைதான். ஆனால் பலர் நெருங்கிப் படுக்கும் அறையில் உடலோடு உடல் நீண்ட நேரம் பட்டாலே போதும். பிள்ளைகளுக்கு வருவதும் அப்படித்தான். இரவில் கடி கூடினால், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு ஆகிய இடங்களிலும் இருந்தால், வீட்டில் இன்னொருவருக்கும் கடித்தால், இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். முதல் தடவை தொற்றியவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும். ஆகவே, யாருக்கு முதலில் கடித்தது என்பதை வைத்து யார் கொண்டுவந்தது என்று சொல்லவே முடியாது. வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைத்தாலே பாதிச் சண்டை அடங்கும்.

இதற்குக் கடிப்பவர் மட்டும் மருந்து பூசுவது வீண்வேலை. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். டொக்டர் தரும் 5 சதவீதப் பெர்மெத்ரின் கிறீமை, கடிக்கும் இடத்தில் மட்டுமல்ல, கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கும் நக இடுக்கும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் வைத்துக் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடி பூசுவதே வழக்கமான முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டொக்டரைக் கேட்டே பூச வேண்டும். உடுப்பையும் விரிப்பையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மருந்து வேலை செய்த பிறகும் சில வாரம் கடி இருக்கும். நோய் போகவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசினால் தோல்தான் கெடும்.

பார்மசியில் வெட்கத்தோடு நின்று, "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்டு வாங்குவது மிக மோசமான பழக்கம் என்பேன். கையில் வருவது பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொய்ட் கலந்த கிறீமாக இருந்தால் இரண்டு நாளில் கடி அடங்கும், சிவப்பும் குறையும். பூஞ்சணமோ உள்ளே வளரும். நிறுத்தியவுடன் முன்னைவிட அகலமாக வரும். அதன் உருவமும் மாறியிருப்பதால் டொக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டமாகும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். அந்த வரிகள் பிறகு முழுதாக மறைவதில்லை. டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, தேசிக்காய் தேய்ப்பது, கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். சொறி போகும் என்று கன்னியா வெந்நீரூற்றை நம்பியிருப்பதும் சரியல்ல. சூடான நீர் தோலைக் காயவைத்துக் கடியைக் கூட்டும்.

இதையெல்லாம் படித்து, "கடிப்பதால் பாலியல் நோய் இல்லை" என்று நிம்மதி அடைவது எதிர்ப்பக்கத் தவறு. அந்தரங்க முடியில் வரும் பேன் கடிக்கும், அது உறவில் தொற்றுவது. ஹேர்பிஸ் முதலில் கடியும் எரிவுமாகத் தொடங்கி, கூட்டமாக நீர்க்கொப்புளம் போட்டு, உடைந்து நோகும். ஆனால் நான் அதிகம் பயப்படுவது கடிக்காத, நோகாத ஒன்றுக்கு. சிபிலிஸ் வழக்கமாக நோவில்லாத ஒரு புண்ணாகத் தொடங்கும். தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் வரும், சில வாரத்தில் தானாக ஆறியும்விடும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரக்கூடிய தடிப்பு பெரும்பாலும் கடிப்பதே இல்லை. அதுவும் தானாக மறையும். நோயோ உள்ளே இருக்கும். பென்சிலின் ஊசியால் குணமாகக்கூடியதை இப்படி ஆறிவிட்டதென்று விட்டுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! எச்.ஐ.வி.யையும் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தம்தான் சொல்லும்.

அந்த இரத்தத்தையும் உறவு நடந்த மறுநாளே கொடுத்துவிட்டு, "இல்லை" என்ற முடிவோடு திருப்தியடையக் கூடாது. ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 45 நாள், விரலில் குத்திச் செய்யும் உடனடிப் பரிசோதனைக்கு 90 நாள் கழிந்தால்தான் முடிவை உறுதியாக எடுக்கலாம். ஆபத்தான உறவு நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு, உடனே போய்க் கேளுங்கள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியிலேயே பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, யாருடைய கடிதமும் தேவையில்லை, சொல்வது வெளியே போகாது. அங்கே போவதைப் பெரிய அவமானமாக நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இந்த நாட்டுக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கிளினிக்கில் இரத்தம் பார்க்கிறார்கள். அதனால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று வழங்கியது. நம் தாய்மார் கூசாமல் கொடுத்த இரத்தத்தை ஆண்கள் கொடுக்கக் கூடாதா?

போகிற நாளில் அந்த இடத்தில் எதையும் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசிய கிறீமின் டியூபைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசி உறவு நடந்த திகதியை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.