டிப்ரஷன் சிகிச்சை ஆய்வில் சேரப் போகிறீர்களா? அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மாத்திரைக்கு வரிசையில் நிற்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்து "டிப்ரஷனுக்கு ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களா?" என்று கேட்பார். என் தம்பியிடம் அப்படித்தான் கேட்டார்கள். அவன் அப்போதிருந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் "சரி" என்பான், சாப்பிடு என்றால் சரி, படுத்துக்கொள் என்றால் சரி, அதற்கு மேல் பேச அவனிடம் தெம்பு இல்லை. அந்தச் "சரி"யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்: தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இரண்டு மூன்று நாள் வைத்துப் படியுங்கள், நம்பிக்கையான ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். "இன்னைக்கே போட்டாத்தான்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த ஆய்வே வேண்டாம்.

ஆய்வு என்றாலே நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பயப்படவும் வேண்டாம். கோவாவில் நடந்த ஓர் ஆய்வில் 495 பேர் சேர்ந்தார்கள், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசும் சிகிச்சை அது. மூன்று மாதத்தில் அந்தப் பேச்சு சிகிச்சை கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள், சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் இது வெளியானது. மனநல மருத்துவர்கள் போதாத நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அந்த 495 பேர் வராமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, உங்களிடம் சொன்ன ஆய்வு முறையானதா என்று எப்படிப் பார்ப்பது? சிடிஆர்ஐ என்று இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு ஒன்று இருக்கிறது, 2007இல் தொடங்கியது, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள், எந்தெந்த மருத்துவமனைகள், யாரைச் சேர்ப்பார்கள் யாரைச் சேர்க்க மாட்டார்கள், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் குழுவான எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி கிடைத்ததா என்பதெல்லாம் வரும். நீங்களாக ஆய்வு தேடுகிறீர்கள் என்றாலும் இதே இடம்தான், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். ஆனால் பதிவாகி இருப்பதாலேயே நல்ல ஆய்வு என்று அர்த்தமில்லை, பதிவே இல்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆய்வுக்கென்று எடுக்கும் பரிசோதனைக்கோ மருந்துக்கோ உங்களிடம் பணம் கேட்டாலும் அப்படியே.

இனி அந்தப் படிவம். உங்களுக்குப் புரியும் மொழியில்தான் தர வேண்டும், தமிழ்ப் படிவம் கேளுங்கள். தம்பியின் படிவத்தில் வேலை, ஆண்டு வருமானம், அதற்குக் கீழே நாமினி பெயர் என்று இருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் "உசுருக்கு ஏதாவது ஆயிடுமாடா?" என்று படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளில் அந்த வரிகள் இருக்கின்றன. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் நாமினி. ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. இதையெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட வேண்டிய எண் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி பிளசிபோ பற்றியது. மருந்தில்லாத, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மாத்திரை அது. உங்களுக்கு எது வரும் என்பதைக் குலுக்கல் போலக் கணினி முடிவு செய்யும், பல ஆய்வுகளில் உங்கள் மருத்துவருக்கும் தெரியாது. டிப்ரஷனில் பிளசிபோ எடுப்பவர்களிலும் கணிசமானவர்களுக்குக் குணம் தெரிவதால்தான் இப்படி ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு மோசமானால் என்ன செய்வீர்கள், எத்தனை நாளில் கவனிப்பீர்கள், அவசரத்தில் எந்த மாத்திரை என்று திறந்து பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் சேராதீர்கள்.

இப்போது சாப்பிடும் மாத்திரையை, ஆய்வில் சேர்வதற்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்த வேண்டுமென்றால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை போகும்போதும் கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். பல இடங்களில் பயன்படும் ஒன்பது கேள்வித் தாளில், கடைசி இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அந்தக் கேள்வி வந்ததும் தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டேன். கூடப் போகிறவர்களே, அந்த நேரத்தில் தயவுசெய்து அறையில் இருக்காதீர்கள். பதில் சொல்கிறவர்களே, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள், எடுத்தாலும் உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அனுப்புவதற்காகத்தான். அடுத்த விசிட் வரை காத்திருக்க முடியாத ராத்திரி வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எண்ணிப் பார்ப்பார்கள். தம்பி ஒரு முறை நான்கு மாத்திரையை மறந்துவிட்டு, திட்டுவார்களோ என்று குப்பையில் போடப் போனான். அப்படிச் செய்தால் அந்த மருந்தின் கணக்கே தப்பாகி, பின்னால் அதைச் சாப்பிடப் போகிறவர்களைத்தான் பாதிக்கும் என்று சொன்னேன். கொண்டுபோய்க் கொடுத்தான், யாரும் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

பிடிக்கவில்லை என்றால் எந்தக் கட்டத்திலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்க முடியாது. ஆனால் விலகுவதைச் சொல்லிவிட்டு விலகுங்கள், மாத்திரையைப் பத்திரமாக நிறுத்த அவர்கள் உதவி வேண்டியிருக்கும்.

அப்புறம், ஆய்வு முடிகிற நாளோடு மருந்தும் கவனிப்பும் நின்றுவிடுமா என்று சேரும்போதே கேளுங்கள். கடைசி விசிட்டுக்கு ஒரு மாதம் முன்னாலேயே பழைய மருத்துவரிடம் நாள் வாங்கி வையுங்கள். தம்பிக்கு நாங்கள் வாங்கியது, ஆய்வு முடிந்த மூன்றாவது நாள், காலை ஒன்பதரை மணிக்கு.