பைத்தான் எழுத ஜீனி எடிட்டரை அமைக்கும் முறை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவருக்குக் கனமான மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கும் ஜீனி, குறைந்த நினைவகத்திலேயே நன்றாக இயங்கும். நிறுவியவுடன் வண்ணங்களை மாற்றுவதில் இறங்க வேண்டாம். முதலில் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

வேறு பல மொழிகளில் அடைப்புக்குறிகள் செய்யும் வேலையைப் பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி செய்கிறது. எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை அதுவே தீர்மானிப்பதால், ஒரே தொகுதியில் டேப்பும் ஸ்பேஸும் முறையின்றிக் கலந்துவிட்டால், திரையில் வரிகள் நேராகத் தெரிந்தாலும் பைத்தான் 3 'டேப் எரர்' என்று சொல்லி நிரலை ஏற்க மறுக்கும். புதிதாகக் கற்பவரை இதைப் போல் சோர்வடையச் செய்யும் பிழை வேறில்லை, ஏனெனில் தவறு கண்ணுக்கே தெரியாது.

ஆகவே 'எடிட்' பட்டியலில் 'பிரிஃபரன்சஸ்' திறந்து, 'எடிட்டர்' பகுதியின் 'இண்டென்டேஷன்' தாவலில் வகையை 'ஸ்பேசஸ்' என்றும் அகலத்தை 4 என்றும் வையுங்கள். 2001-இல் வெளிவந்த 'பெப் 8' என்ற நடைக் கையேடு பரிந்துரைக்கும் அளவு இது. வரிக்கு 79 எழுத்துகள் என்பதும் அதன் பரிந்துரையே; 'டிஸ்ப்ளே' தாவலில் நீள்வரி அடையாளத்தை 79-க்கு மாற்றி, இடைவெளிகளைக் காட்டும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். நண்பர் அனுப்பிய கோப்பில் டேப் இருந்தால், 'டாக்குமெண்ட்' பட்டியலிலேயே அவற்றை ஸ்பேஸாக மாற்றும் கட்டளை உண்டு.

அடுத்தது குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. தமிழில் எழுதும் நாம் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. பைத்தான் 3 நிரல் கோப்பை யூனிகோடு எழுத்துகளுக்கான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளது என்றே எடுத்துக்கொள்ளும். அதே 'பிரிஃபரன்சஸ்' சாளரத்தின் 'ஃபைல்ஸ்' பகுதியில் புதிய கோப்புகளுக்கும் அதுவே உள்ளதா என்று பாருங்கள். எடிட்டர் சரியாக இருந்தும், விண்டோஸில் நிரல் திறக்கும் தரவுக் கோப்பின் தமிழ் சிதையக்கூடும் என்பதால், கோப்பைத் திறக்கும் வரியிலேயே குறியாக்கத்தைக் குறிப்பிடுவது நல்லது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டேம் குறியாக்கத்தில் உள்ள பழைய ஆவணங்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

எஃப்5 விசை நிரலை இயக்கும். லினக்ஸில் அது இயங்காவிட்டால், 'பில்டு' பட்டியலில் இயக்கும் கட்டளையைப் பைத்தான்3 என்று திருத்துங்கள். சோதனைக்குச் 'சென்னை' என்ற சொல்லை அச்சிட்டு அதன் நீளத்தையும் கேளுங்கள்: எழுத்துகள் மூன்றே என்றாலும், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் பைத்தான் 6 என்று காட்டும்.