சீட்டு அல்ல, உருண்டை: குரோமற்றினில் யுபிகுயிற்றினை விளக்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் உயர்தர உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு யுபிகுயிற்றின் என்னும் சிறு புரதம் என்றால் அழிக்கவேண்டிய புரதத்தில் ஒட்டும் சீட்டு, அவ்வளவுதான். 2004இன் இரசாயனவியல் நோபல் பரிசு அந்த அழிப்பு முறையைக் கண்டறிந்ததற்கே கிடைத்தது என்பதால் அது பிழையல்ல. ஆயினும் டி.என்.ஏ.யும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த குரோமற்றினுக்கு வரும்போது 'சீட்டு' என்ற சொல்லைக் கைவிட வேண்டும்; அங்கே அது அழிவுக்கான குறி அல்ல.

புறக்கோட்டையில் வெறும் நூற்கட்டைகள் சிலவும் கயிறும் பிள்ளைகள் விளையாடும் களியும் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டையும் எட்டு ஹிஸ்டோன் புரதங்களின் திரள். அதில் 147 மூலச்சோடி நீளமான டி.என்.ஏ. ஏறத்தாழ 1.65 சுற்றுச் சுற்றியிருக்கிறது. கயிறு சுற்றிய கட்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்குங்கள். பின்னர் ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் ஒரு களி உருண்டையை ஒட்டி மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள்; அந்த உருண்டைதான் யுபிகுயிற்றின். அடுக்கு நெருங்காமல் இடைவெளி விழும். எச்2பி என்னும் ஹிஸ்டோனில் 125 அமினோவமிலங்கள், அதன் 120ஆம் இடத்திலுள்ள லைசீன் என்னும் அமினோவமிலத்தில் ஏறும் யுபிகுயிற்றினில் 76. பாதியிலும் பெரிய சுமை என்பதைக் கையாலேயே உணர்வார்கள். ஆர்என்எஃப்20, ஆர்என்எஃப்40 என்னும் நொதியச் சோடி இவ்வாறு ஏற்றும்போது குரோமற்றின் இறுகுவது தடைப்பட்டு, பரம்பரையலகுகளை வாசிப்பது எளிதாகிறது.

உருண்டை எங்கே ஒட்டுகிறது என்பதை வலியுறுத்துங்கள். எச்2ஏ என்னும் மற்றொரு ஹிஸ்டோனின் 119ஆம் இடத்து லைசீனில் அதே யுபிகுயிற்றின் ஏறினால், பரம்பரையலகு பெரும்பாலும் அடங்கிவிடும். பிஏபி1 என்னும் நொதியம் அதைக் கழற்றுகிறது. அதில் பிறப்பிலேயே விகாரம் உள்ளவர்களுக்கு நுரையீரல் உறையிலும் கண்ணிலும் சில புற்றுநோய்கள் வரும் ஆபத்துக் கூடுகிறது. மார்பகப் புற்றுநோயோடு பெயர் பெற்ற பிஆர்சிஏ1உம் எச்2ஏயின் வேறு லைசீன்களில் யுபிகுயிற்றினை ஏற்றும் நொதியமே.

எச்2பியில் ஏறும் யுபிகுயிற்றின் புற்றுநோயைத் தடுக்கிறது என்று சொல்லும்போது நிதானம் வேண்டும். ஆர்என்எஃப்20 குறைந்த கலங்களில் வளர்ச்சியைத் தூண்டும் சில பரம்பரையலகுகள் ஓங்கின, புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்னும் பரம்பரையலகு தளர்ந்தது. ஆனால் ஒருவகைக் குருதிப் புற்றுநோயில் நோய்க்கலங்கள் வளர அதே நொதியம் தேவைப்படுகிறது. ஆகவே 'தடுக்கக்கூடும்' என்றே எழுதுங்கள், எந்தக் கலத்தில் என்றும் சேருங்கள். முடிவில், ஒரு மாணவியிடம் ஓர் உருண்டையை எச்2ஏயின் 119ஆம் இடத்தில் ஒட்டியதாக எண்ணிக் கழற்றச் சொல்லி, தான் இப்போது எந்த நொதியமாக இருந்தாள் என்று கேளுங்கள்.