மாது கங்கையில் கயாக்: காற்று எழும்புமுன் திரும்பிவிடுங்கள்

மாது கங்கை கடலில் விழும் பலப்பிட்டிக்குக் கயாக் ஓட்டப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நீச்சல் தெரியவேண்டுமா என்று. நான் திருப்பிக் கேட்பது, வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள் என்று.

காரணம் காற்று. படகுத்துறைகள் கொழும்பு-காலி வீதிப் பாலத்தை அண்டி மேற்கே இருக்கின்றன. தீவுகள் உள்ளே, கிழக்கே. வெயில் ஏறக் கடல்காற்று எழும்பும். பிந்திப் போனால், கை களைத்துத் திரும்பும் நேரத்தில் அது நேரே முகத்தில் அடிக்கும். ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கி, பதினொன்றுக்குள் கரையேறுங்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. ஆனால் விடியுமுன் காலிக்குப் போகும் பஸ் பிடிக்கவேண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மழைநாளில் ஆறு கடலைப் பார்த்து இழுக்கும், அப்போது முகத்துவாரப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

புதியவர்கள் மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக் கேளுங்கள். கவிழ்ந்தாலும் கால் சிக்காது. நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டவேண்டும். ஜாக்கெட்டின் தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை வந்தால் அது தளர்வு. இருவர் கயாக்கில் பழகியவர் பின்னால், ஏனென்றால் திருப்புவது அவர்தான். முன்னால் இருப்பவர் தாளம் பிடித்தால் போதும். புருஷனும் பெண்சாதியும் ஏறுவதென்றால் இதைக் கரையிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, பாதத்துக்குப் பக்கத்தில் குத்தி, இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுங்கள். தோள் நோகாது.

உல்லாசப் பயணிகளை ஏற்றிய மோட்டார் படகுகள் சீறிக்கொண்டு வரும். அலையை விலாவில் வாங்கினால் கவிழ்க்கும். முனையை அலைக்கு நேரே திருப்பி, மெல்லத் துடுப்புப் போட்டுக்கொண்டே இருங்கள்.

கண்டல் மரங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வழிதான் எனக்கு ஆகப் பிடித்தது. மோட்டார் சத்தம் அடங்கிவிடும், கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு வேரில் படுத்துக்கிடக்கும். அங்கே துடுப்பு முழுதாக விரியாது. நீளவாக்கில் பிடித்துத் தள்ளுங்கள். வேரைக் கையால் பிடிக்கவேண்டாம், ஒட்டியிருக்கும் சிப்பி வெட்டிப்போடும். முதலை நடமாட்டம் உண்டா என்று துறையிலேயே விசாரியுங்கள்.

கொத்துவ தீவில் பௌத்த விகாரை இருக்கிறது. ஈரக் காற்சட்டையோடு ஏற முடியாது, ஒரு சாரமும் தோளை மூடும் சட்டையும் சொப்பிங் பாக்கில் முடிந்து வைத்திருங்கள். கறுவா உரித்துக் காட்டும் தீவிலும் இறங்கலாம். பட்டை நல்ல பட்டைதான், பேரம் பேசி வாங்குங்கள். பாதத்தை மீன் கடிக்கவிடும் இடத்துக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம், நான் கொடுக்கமாட்டேன்.

வாடகையை இறங்குமுன்னே பேசிக்கொள்ளுங்கள்: மணிக்கணக்கா, ஆள்கணக்கா, வழிகாட்டக் கூட வருகிற தம்பிக்கும் சேர்த்தா என்று. முதல் தடவையென்றால் அந்தத் தம்பி கட்டாயம் வேண்டும். தீவுக்குப் பின்னால் தீவு, எல்லாம் ஒரே பச்சை. வந்த வழி பிடிபடாது.